பழைய காசு பின்பாலில் வெளியே தெரியாத ஃப்ரீ ப்ளே ஸ்விட்ச்: எங்கே இணைப்பது?

ரிலேக்காரர் (கேள்வி)

1970களின் நடுவில் வந்த காட்லீப் நிறுவனத்தின் பின்பால் மெஷின், ஒருவர் மட்டும் ஆடும் வகை. போர்டு, சிப் எதுவும் இல்லாத முழு எலக்ட்ரோமெக்கானிக்கல். காசு போட்டால் கிரெடிட் ஏறுகிறது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் கிரெடிட் ஒன்று குறைந்து, ஸ்கோர் ரீல்கள் எல்லாம் ஜீரோவுக்கு வந்து, பந்து வெளியே வருகிறது. மெஷினில் பழுது எதுவும் கிடையாது.

காசு போடாமலே ஆட வேண்டும். ஆனால் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பழையபடி காசுக்கு ஆடும் மெஷினாகிவிட வேண்டும். அந்த ஸ்விட்ச் வெளியிலிருந்து கண்ணுக்குப் படக் கூடாது. கேபினெட்டிலோ காயின் டோரிலோ புதுத் துளை கூடாது. நாளைக்கு இதைக் கழற்றினால், போட்ட தடம்கூட இருக்கக் கூடாது.

சர்க்யூட் படம் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் பாலம் போடுவது, காயின் ஸ்விட்சிலா, கிரெடிட் யூனிட்டிலா? ஸ்விட்ச் எத்தனை ஆம்பியருக்கு இருக்க வேண்டும்? கிரெடிட் ஜீரோவில் நிற்கும்போது ஸ்டார்ட் அமுக்கினால் யூனிட்டுக்கு ஏதும் கேடு வருமா?

சுருள்24

கிரெடிட்டை எண்ணும் பல்சக்கரப் பொறியான கிரெடிட் யூனிட்டில்தான். அங்கே இரண்டு இலை ஸ்விட்ச் (மெல்லிய உலோகப் பிளேடுகள் தொட்டு மூடும் வகை) இருக்கும். ஒன்று கிரெடிட் உச்சத்தைத் தொட்டதும் திறந்து, மேலே ஏறவிடாமல் தடுப்பது. இன்னொன்று ஜீரோவுக்கு வந்ததும் திறப்பது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பல்சக்கரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முளை, ஜீரோவில் அந்தப் பிளேடைத் தள்ளித் திறந்து வைக்கும். ஒரு கிரெடிட் ஏறினாலும் முளை விலகி, பிளேடு மூடிவிடும்.

ஸ்டார்ட் பட்டனுக்கும் ஸ்டார்ட் ரிலேக்கும் நடுவில், சீரிஸில், இந்த ஜீரோ ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. அது திறந்திருந்தால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ரிலே இழுக்காது. "காசு இல்லையேல் ஆட்டம் இல்லை" என்பதற்கு அந்த மெஷினில் இருக்கும் ஒரே காவல் இதுதான். ஆகவே இதற்குப் பேரலலாக ஒரு சாதாரண டாகிள் ஸ்விட்ச் போட்டால் வேலை முடிந்தது. டாகிள் மூடியிருந்தால் ஃப்ரீ ப்ளே, திறந்திருந்தால் காசு. மெஷினின் எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை.

ரேட்டிங்: அந்தப் பாதையில் ஓடுவது 25 வோல்ட் அளவிலான ஏசி, ஒரு ரிலே காயிலின் மின்னோட்டம்தான். 5 ஆம்பியர் டாகிள் தாராளம். ஒயர் 0.75 சதுர மி.மீ., பல இழை. ஒற்றை இழைக் கம்பி வேண்டாம். நாக்கர் (ஜெயித்ததும் மரத்தில் அறைந்து சத்தம் எழுப்பும் காயில்) அடிக்கும்போதும் ரிலேக்கள் துடிக்கும்போதும் கேபினெட் அதிர்ந்துகொண்டே இருக்கும், பற்றவைத்த இடத்தில் முறிந்துவிடும்.

யூனிட்டுக்குக் கேடா என்றால், இல்லை. கழிக்கும் காயில் செய்வது பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை ஒரு பல் தூக்கிவிடுவதுதான். பின்னோக்கிச் சுழற்றுவது கடிகார ஸ்பிரிங். ஜீரோவில் சக்கரம் ஏற்கெனவே தடுப்பில் முட்டி நிற்பதால், கொக்கி தூக்கிக் கீழே விழும், சக்கரம் அசையாது. ஒரு "டக்" சத்தம் கேட்கும், அவ்வளவுதான். யூனிட்டில் பழைய கிரீஸ் பிசினாகி இருந்தால் மட்டும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அது ஃப்ரீ ப்ளேயால் வரும் கோளாறு இல்லை, ஆனால் பழி இதன் மேல் விழும்.

வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை. கிரெடிட்டை ஜீரோவுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் அமுக்குங்கள். ஆட்டம் தொடங்கினால், முன்பு வைத்திருந்தவர் யாரோ ஏற்கெனவே பிளேடை வளைத்தோ ஒயர் போட்டோ வைத்திருக்கிறார். அதை முதலில் சரிசெய்யாமல் டாகிள் போட்டால் காசு நிலை ஒருபோதும் கிடைக்காது.

பல்சக்கரம்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பரவலாகச் செய்யப்படும் வேறு இரண்டு வழிகளையும், அவை ஏன் இந்தத் தேவைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஜீரோ ஸ்விட்சின் பிளேடையே வளைத்து எப்போதும் மூடியபடி வைப்பது. ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை. ஆனால் காசு நிலைக்குத் திரும்ப முடியாது. அந்தப் பிளேடுகளை அடிக்கடி வளைத்தால் வேர்ப்பகுதியில் உலோகம் களைத்து முறிகிறது. திரும்பச் சரியாக வைக்க, திறந்த நிலையில் சுமார் 1.5 மி.மீ. இடைவெளியும், மூடும்போது இரண்டு முனையும் சற்று உரசிக்கொண்டு நகர்வதும் வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கக் கை பழக வேண்டும்.

இரண்டாவது, கிரெடிட்டை ஐந்தோ பத்தோ ஏற்றி வைத்துவிட்டு, கழிக்கும் காயிலின் ஒரு ஒயரை எடுத்துவிடுவது. கிரெடிட் குறையாது, ஆட்டம் எப்போதும் தொடங்கும். இதில் ஒளிந்திருக்கும் குறை பலருக்குத் தெரிவதில்லை. ஆடுபவர் ரீப்ளே (பரிசாகக் கிடைக்கும் இலவச ஆட்டம்) ஜெயிக்கும்போதெல்லாம் கிரெடிட் ஏறிக்கொண்டேதான் இருக்கும், இறங்க வழியில்லை. கொஞ்ச நாளில் உச்ச ஸ்விட்ச் திறந்துவிடும். நாக்கரின் மின்சாரமும் அதே உச்ச ஸ்விட்ச் வழியாகப் போகும் மெஷினில் அன்றோடு நாக்கர் ஊமையாகிவிடும். ஜெயித்ததும் மரத்தில் "டொக்" என்று அறையும் அந்தச் சத்தம் இல்லாமல் இந்த மெஷின்களை ஆடுவதில் என்ன இருக்கிறது? சுருள்24 சொன்ன பேரலல் முறையில் ஏறுவதும் இறங்குவதும் இயல்பாக நடக்கும், நாக்கரும் பிழைக்கும்.

காயின் ஸ்விட்சிலா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பேரலலாக ஒரு அமுக்கு பட்டன் வைக்கலாம், ஒவ்வோர் அமுக்குக்கும் ஒரு கிரெடிட் ஏறும். காசு விழுந்த உணர்வு அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு அது பிடிக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: விட்டதும் திறந்துகொள்ளும் வகைப் பட்டனாகவே இருக்க வேண்டும். காசு அந்தக் கம்பியைத் தொட்டுக் கடப்பது கண்ணிமைக்கும் நேரம். காயின் ஸ்விட்சே நேராக ஏற்றும் காயிலுக்கு மின்சாரம் தரும் மெஷினில், பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் தொடர்ந்து இழுத்தபடி நிற்கும். அந்தக் காயில்கள் துடிப்புக்குச் சுற்றப்பட்டவை. தொடர்ந்து மின்சாரம் ஓடினால் காகித உறை கருகி, உள்ளிருக்கும் குழாய் உருகிப் பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டை) கவ்விக்கொள்ளும். டாகிள் ஸ்விட்சை அங்கே போடவே கூடாது.

கிரெடிட் யூனிட்டே இல்லாத மெஷின்களில் மட்டும் இந்த வழிதான் கதி. ரீப்ளேக்குப் பதிலாகக் கூடுதல் பந்து தரும் வகைகளில் சிலவற்றில் அப்படி இருக்கும்.

கீழ்ப்பலகை

ஒயர் ஓடும் வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வேலையில் தலைவலியே அதுதான்.

கிரெடிட் யூனிட் இருப்பது மேலே, பின்கண்ணாடிப் பெட்டிக்குள். ஸ்விட்ச் ஒளிய வேண்டியது கீழே, கேபினெட்டுக்குள். யூனிட்டிலேயே ஒயர் பற்றவைத்துக் கீழே இறக்கினால், பின்கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி மெஷினை இடம் மாற்றும்போது அந்த இரண்டு ஒயரும், மேலும் கீழும் இணைக்கும் பல முனை ஜோன்ஸ் பிளக்குகளைச் சுற்றித் தனியாகத் தொங்கும். மறந்து இழுத்தால் பிளேடு முனையோடு பிய்ந்து வரும்.

தேவையே இல்லை. படத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஜீரோ ஸ்விட்சின் ஒரு பக்கத்து ஒயர் ஸ்டார்ட் பட்டனுக்கு வருகிறது, அந்தப் பட்டன் காயின் டோரில்தான் இருக்கிறது. மறுபக்கத்து ஒயர் ஸ்டார்ட் ரிலே இருக்கும் திசையில் போகிறது, அது கேபினெட் அடியில் ரிலேக்கள் பொருத்திய கீழ்ப்பலகையில். அதாவது பாலத்தின் இரண்டு முனையும் ஏற்கெனவே ஜோன்ஸ் பிளக் வழியாகக் கேபினெட்டுக்குள் இறங்கி வந்து நிற்கின்றன. டாகிளை அந்த இரண்டு ஒயர் நிறங்களுக்கு நடுவில் கீழேயே போட்டுவிடலாம்.

ஆனால் இதில் கவனம் வேண்டும். ஜீரோ ஸ்விட்சுக்கும் ரிலே காயிலுக்கும் நடுவே வேறு ஸ்விட்சுகள் சீரிஸில் இருக்கலாம்: ஸ்கோர் மோட்டார் (கேம்களைச் சுழற்றி ரீசெட், ஸ்கோர் துடிப்புகளை வரிசையாகத் தருவது) தன் இருப்பிடத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் ஒன்று, வேறொரு ரிலேயின் கான்டாக்ட் என்று. அவற்றையும் சேர்த்துத் தாண்டிப் பாலம் போடக் கூடாது. ஜீரோ ஸ்விட்சின் மறுமுனையில் பற்றவைத்திருக்கும் ஒயரின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிற ஒயர் கீழே எந்த முனையில் வந்து சேர்கிறதோ அந்த முனையில் நிறுத்துங்கள். துணியுறை ஒயர்களில் நிறம் மங்கியிருக்கும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. மல்டிமீட்டர் ஒலியை மட்டும் நம்பவும் வேண்டாம். காயில்கள் வழியாகச் சுற்றிவரும் பாதையே சில ஓம்தான் காட்டும், மீட்டர் "கீ" என்று கத்திவிடும். ஓம் அளவில் வைத்து, 0.5க்குக் கீழே காட்டினால்தான் அதே ஒயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஜீரோ ஸ்விட்சின் முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு அட்டையைச் செருகி, மீண்டும் அளந்து பாருங்கள்.

சால்டர் வைக்கும் முன் க்ரொகடைல் க்ளிப் வைத்த ஒயர் ஒன்றால் சோதித்துப் பாருங்கள். க்ளிப்பை மாட்டுவதும் எடுப்பதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான். கேபினெட் அடியில் இருக்கும் பவர் ஸ்விட்ச், உள்ளே இருக்கும் சர்வீஸ் சாக்கெட், டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று மூன்றிலும் மெயின் மின்சாரம் இருக்கிறது. பவர் ஸ்விட்சை அணைத்தாலும் அதுவரை வரும் ஒயர் உயிரோடுதான் இருக்கும்.

ரிலேக்காரர்

எல்லோருக்கும் நன்றி. க்ளிப் ஒயரால் சோதித்தேன். ஒரு முனை ஸ்டார்ட் பட்டனில், மறுமுனை ஸ்டார்ட் ரிலே காயிலில். பவர் கொடுத்ததும் யாரும் பட்டனைத் தொடாமலே ஸ்கோர் மோட்டார் ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ரீல்கள் ஜீரோவில் நின்றபடி துடிக்கின்றன. உடனே அணைத்துவிட்டேன். ஃபியூஸ் போகவில்லை. எங்கே தவறு?

கீழ்ப்பலகை

பட்டனின் தவறான முனை. பட்டனில் இரண்டு பிளேடு, இரண்டு ஒயர். ஒன்று டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பொது ஒயர். அதே நிறம் காயின் ஸ்விட்சுக்கும் மற்ற பல ஸ்விட்சுகளுக்கும் போய்க்கொண்டிருக்கும், டோரில் இரண்டு மூன்று இடத்தில் பார்க்கலாம். மற்றொன்று ஜீரோ ஸ்விட்சுக்குப் போவது. அது பெரும்பாலும் தனி நிறம். நீங்கள் பிடித்தது பொது ஒயரை. அதனால் பாலம் ஜீரோ ஸ்விட்சை மட்டுமல்ல, பட்டனையும் தாண்டிவிட்டது. மெஷினுக்கு யாரோ ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பது போலத்தான் தெரியும். ரிலே விடாது, மோட்டார் நிற்காது.

மறுமுனையை நேராகக் காயிலில் பிடித்ததும் சரியில்லை. இடையில் ஸ்விட்ச் எதுவும் இல்லை என்று படத்தில் உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, ஜீரோ ஸ்விட்ச் ஒயரின் நிறத்திலேயே நிறுத்துங்கள்.

சில விநாடி ஓடியதில் எதுவும் கெட்டிருக்காது. இருந்தாலும் ரீல் காயில்களையும் ஸ்டார்ட் ரிலே காயிலையும் தொட்டுப் பாருங்கள், பிளக்கை எடுத்துவிட்டு. கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஆறவிட்டுப் பிறகு தொடருங்கள்.

இனி க்ளிப் மாட்டிப் பவர் கொடுத்ததுமே ஃபியூஸ் போனால் அது வேறு கதை: இரண்டு முனையும் ஒரு காயிலின் இரு பக்கமோ, டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கமோ விழுந்திருக்கிறது. அப்போது ஃபியூஸை ஒரு படி பெரிதாகப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். போடாதீர்கள். அடுத்து எரிவது ஒயர்க் கட்டு.

பல்சக்கரம்

சரியான முனை கிடைத்ததும் ஒரு மேம்பாடு யோசித்துப் பாருங்கள். ஃப்ரீ ப்ளேயில் இருக்கும்போது யாராவது காசு போட்டால் மெஷின் அதை விழுங்கிவிடும். காயின் டோரின் பின்பக்கம் லாக்அவுட் காயில் என்று ஒன்று இருக்கிறது. மெஷின் ஆனில் இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடி, காசை உள்ளே விடும். மின்சாரம் இல்லையென்றால் காசு திரும்பி வெளியே விழும். ஆக ஃப்ரீ ப்ளேயில் அந்தக் காயிலை அணைத்துவிட்டால் போட்ட காசு போட்டவர் கைக்கே வந்துவிடும். மணிக்கணக்கில் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும் காயிலுக்கும் ஓய்வு.

இதற்கு ஒற்றை டாகிளுக்குப் பதில் ஆறு முனை டாகிள் வாங்குங்கள். இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று முனை. நடுவில் நிற்காத, இரு நிலை மட்டும் உள்ள வகையாக இருக்க வேண்டும். முதல் வரிசையில் நடு முனையும் மேல் முனையும் ஜீரோ ஸ்விட்சுக்குப் பேரலலாக. இரண்டாம் வரிசையில் நடு முனையும் கீழ் முனையும் லாக்அவுட் காயிலின் ஒரு ஒயரில் சீரிஸாக. ஒன்று மூடும்போது மற்றது திறக்கும். டாகிளில் நெம்பு மேலே இருந்தால் நடு முனை இணைவது கீழ் முனையோடு. இதை மறந்து தலைகீழாகப் பற்றவைப்பது வழக்கம், ஆகவே மீட்டரில் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

லாக்அவுட் காயிலின் ஒயரை வெட்ட வேண்டாம். சால்டரைச் சூடாக்கிக் காயில் முனையிலிருந்து ஒயரை விடுவித்து, அதோடு நீட்டிப்பு ஒயர் சேர்த்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். கழற்றும் நாளில் அந்த ஒயர் பழைய முனைக்கே திரும்பிப் போகும். அந்தக் காயிலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிட்டுத் தொடுங்கள். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுருள்24

ஆறு முனை யோசனை அருமை. இனி எங்கே ஒளிப்பது என்பது.

காயின் டோரின் சட்டத்தைக் கேபினெட்டோடு பிடித்திருப்பவை வெளியே உருண்டைத் தலை, உள்ளே நட் உள்ள போல்ட்டுகள். மேல் வரிசை நட் ஒன்றைக் கழற்றி, அதன் அடியில் சிறிய எல் வடிவ அலுமினியத் தகடு ஒன்றை வைத்து மீண்டும் முடுக்குங்கள். தகடு 1.5 மி.மீ. தடிமன், 25க்கு 40 மி.மீ. போதும். சிறிய டாகிளின் கழுத்துக்கு 6.5 மி.மீ. துளை, பெரிய டாகிளுக்கு 12 மி.மீ. வேண்டும். துளையெல்லாம் தகட்டில்தான், கேபினெட்டில் ஒன்றும் இல்லை. டோரைத் திறந்து விரலை மேலே விட்டால் தட்டலாம். டோர் திறந்திருந்தாலும் குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

டோரைத் திறக்காமலே மாற்ற வேண்டும் என்றால் கேபினெட் அடிப்பலகையில் காற்றுக்காக விட்ட துளை இருக்கிறதா பாருங்கள். அந்தத் துளைக்கு மேலே, உள்பக்கம், ஏற்கெனவே இருக்கும் திருகு ஒன்றில் தகட்டைப் பிடித்து, டாகிளின் நெம்பு துளைக்கு நேரே வரும்படி வைக்கலாம். கீழிருந்து விரல் நுனியால் தட்டுவது.

தகடு உலோகம், டோர் உலோகம். இந்த மெஷின்கள் பலவும் எர்த் இல்லாத இரு ஒயர் கார்டோடு வந்தவை. அப்படியே இருந்தால் இந்த வேலைக்கு முன் மூன்று ஒயர் கார்டு மாற்றி, டோரையும் சைடு ரெயில்களையும் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். உள்ளே மெயின் ஒயர் ஒன்று உரசித் தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், அது நேராக ஆடுபவர் கையில்தான் தெரியும்.

ஒயர் கட்டும்போது இரண்டைப் பாருங்கள். ஸ்கோர் மோட்டாரின் கேம்களிலிருந்து ஒரு சாண் தள்ளியே கொண்டு போங்கள். கேம் சுற்றும்போது தளர்ந்த ஒயரைக் கவ்வினால் பிளேடு அடுக்கையே சாய்த்துவிடும். கீழ்ப்பலகை தனியாக வெளியே வரக்கூடியது, ஆகவே டோருக்கும் அதற்கும் நடுவே பிடுங்கி மாட்டும் சிறிய கனெக்டர் ஒன்று வேண்டும். ஒயருக்குக் கேபினெட்டில் வேறெங்கும் இல்லாத நிறம் வையுங்கள். பார்த்ததுமே இது பின்னால் சேர்த்தது என்று அடுத்தவருக்குப் புரியும்.

காந்தமுனை

டோரையும் திறக்காமல், அடியிலும் விரல் விடாமல், பக்கப் பலகைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து மாற்றும் வழி உண்டு. உள்ளே கண்ணாடிக் குழாய் வகை ரீட் ஸ்விட்ச். காந்தம் வைத்தால் ஃப்ரீ ப்ளே, எடுத்தால் காசு. ஆனால் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ரீட் ஸ்விட்சை நேராக ஜீரோ ஸ்விட்சுக்குப் பேரலலாகப் போட்டுவிடாதீர்கள். சாதாரண ரீட் தாங்குவது அரை ஆம்பியர் அளவு, அதுவும் சுருள் இல்லாத சுமைக்கு. பழைய ரிலே காயில் இழுக்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும், விடும் கணத்தில் பொறி பறக்கும். சில நூறு ஆட்டங்களில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு காந்தத்தை எடுத்தாலும் மெஷின் ஃப்ரீ ப்ளேயிலேயே நிற்கும், காரணம் தேடி நாள் போகும். சரியான வழி: ரீட் ஒரு சிறிய 24 வோல்ட் ஏசி ரிலேயை இழுக்கட்டும், அந்த ரிலேயின் 5 ஆம்பியர் கான்டாக்ட் ஜீரோ ஸ்விட்சைப் பாலம் போடட்டும். பொறியை அடக்க ரீட் முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சீரிஸாக. டிசி பழக்கத்தில் ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு போட்டுவிடாதீர்கள். ஏசியில் அது ஒவ்வொரு சுழற்சியின் பாதியிலும் ஷார்ட்.

இரண்டாவது சிக்கல் தூரம். பக்கப் பலகை முக்கால் அங்குலத் தடிமன் என்றால் சின்னக் காந்தம் எட்டாது. 15 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத நியோடிமியம் காந்தம் எடுத்து, ரீட் பலகையை ஒட்டியபடி இருக்க வேண்டும். கால் போல்ட்டு, இரும்பு மூலைத் தகடு, காயின் டோர் இவற்றுக்கு அருகில் வைத்தால் இரும்பு காந்தப்புலத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரீட்டை டேப்பால் ஒட்டி, காந்தத்தை நகர்த்தி, எங்கே மூடுகிறது என்று பார்த்த பிறகே நிலையாகப் பொருத்துங்கள்.

உங்கள் தேவைக்கு டாகிளே போதும் என்பதுதான் என் எண்ணம். எத்தனை பாகம் கூடுகிறதோ அத்தனை இடத்தில் கெடும்.

பலகைக்காரன்

பின்பாலை விட்டு ஒரு வார்த்தை, வீடியோ ஆட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் பார்த்தால் உதவும். அங்கே முதலில் போர்டின் டிப் ஸ்விட்ச் (ஆட்ட அமைப்புகளை மாற்றும் சிறு ஸ்விட்ச் வரிசை) அட்டவணையைப் பாருங்கள். 1980இல் வந்த பேக்-மேனிலும் 1981இல் வந்த கலகாவிலும் ஃப்ரீ ப்ளே அதிலேயே இருக்கிறது. எதையும் பற்றவைக்க வேண்டாம். 1981இன் டாங்கி காங்கில் கிடையாது. இல்லாதவற்றில் காயின் ஸ்விட்சுக்குப் பேரலலாக ஓர் அமுக்கு பட்டன். ஜாமா என்ற பொதுத்தர போர்டு இணைப்பு உள்ள மெஷினில் காயின் 1 என்பது பாகங்கள் உள்ள பக்கத்தின் 16ஆம் முனை. அதைக் கிரவுண்டோடு கணநேரம் தொடவைப்பதே பட்டனின் வேலை. பிடித்துக்கொண்டே இருந்தால் போர்டு காசு சிக்கியதாக எடுத்துக்கொள்ளும்.

கிரெடிட் இருந்தால் விளம்பரக் காட்சியை நிறுத்திவிட்டு ஒரே திரையில் நிற்கும் ஆட்டங்களில் பட்டன் முறையே நல்லது. அசையாத எழுத்து நாள் கணக்கில் நின்றால் பிக்சர் டியூபில் தடம் விழுந்துவிடும்.

ரிலேக்காரர்

சரியான முனை கிடைத்தது. ஆறு முனை டாகிள், காயின் டோர் போல்ட்டில் தகடு, லாக்அவுட் காயிலும் அணைகிறது. இரண்டு நிலையிலும் வேலை செய்கிறது. ஒரே ஒரு சிக்கல்: ஃப்ரீ ப்ளேயில் ஆட்டத்தின் நடுவே ஸ்டார்ட் பட்டன் பட்டுவிட்டால் ஸ்கோர் அழிந்து புது ஆட்டம் தொடங்கிவிடுகிறது. காசு நிலையில் கிரெடிட் ஜீரோவாக இருந்தால் அப்படி நடப்பதில்லை. இதைத் தடுக்க முடியுமா?

கீழ்ப்பலகை

அது மெஷினின் இயல்பு. கிரெடிட் மீதம் இருக்கும்போது நடுவே அமுக்கினால் காசு நிலையிலும் இதேதான் நடக்கும். கிரெடிட் ஜீரோ என்பதால் இதுவரை கண்ணில் படவில்லை.

தடுக்கலாம். டாகிளோடு சீரிஸாக, கேம் ஓவர் நிலையில் மட்டும் மூடியிருக்கும் கான்டாக்ட் ஒன்றைச் சேருங்கள். கேம் ஓவர் ரிலேயின் பிளேடு அடுக்கில் பயன்படாத ஜோடி இருக்கிறதா பாருங்கள். அப்படிச் செய்தால் ஆட்டம் முடிந்த பிறகுதான் பாலம் உயிர்பெறும். ஒன்றை மட்டும் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஸ்டார்ட் ரிலே ஒருமுறை இழுத்ததும் தன் சொந்தக் கான்டாக்ட் வழியாகப் பிடித்துக்கொள்கிறதா, அந்தப் பிடிப்புப் பாதை ஜீரோ ஸ்விட்சைத் தொடாமல் போகிறதா? ஆம் என்றால், கேம் ஓவர் ரிலே மாறிப் பாலம் திறந்தாலும் ரீசெட் முழுதாக நடந்து முடியும். இல்லையென்றால் ரீல்கள் பாதி வழியில் நின்றுவிடும்.

இதில் இழப்பும் உண்டு. பந்து எங்காவது சிக்கினாலோ, ஆட்டம் பிடிக்காமல் போனாலோ நடுவில் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியாது. பலர் ஆடும் மெஷினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே முதல் பந்தின்போது ஸ்டார்ட்டை மீண்டும் அமுக்கித்தான் இரண்டாம் ஆட்டக்காரரைச் சேர்க்க வேண்டும், அப்போது கேம் ஓவர் நிலை போய்விட்டிருக்கும். காலியான ஜோடி இல்லாமல் அடுக்கைப் பிரித்துப் புதுப் பிளேடு சேர்க்க வேண்டிவந்தால், என் கருத்து, விட்டுவிடுங்கள். அடுக்கைப் பிரித்தால் அதில் உள்ள எல்லா இடைவெளியையும் திரும்ப வைக்க வேண்டிவரும்.

ரிலேக்காரர்

பிடிப்புப் பாதை தனியாகத்தான் போகிறது, ஜீரோ ஸ்விட்சைத் தொடவில்லை. ஆனால் கேம் ஓவர் ரிலேயில் காலி ஜோடி இல்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

சுருள்24

நல்ல முடிவு. மூடும் முன் காசு நிலையில் ஒரு முழுச் சுற்று பாருங்கள்: ஜீரோவில் ஸ்டார்ட் அமுக்கினால் அசையக் கூடாது, காசு போட்டால் ஒன்று ஏற வேண்டும், ஸ்டார்ட்டில் அது இறங்க வேண்டும், நடுவில் மீண்டும் அமுக்கினால் எதுவும் நடக்கக் கூடாது. பிறகு டாகிளை மாற்றி, ஸ்டார்ட்டில் தொடங்குகிறதா, காசு திரும்பி விழுகிறதா என்று பாருங்கள். சர்க்யூட் படத்தின் நகலில் புது ஒயரின் நிறத்தையும், அது சேரும் இரண்டு முனைகளையும், லாக்அவுட் காயிலில் விடுவித்த ஒயரின் பழைய இடத்தையும் சிவப்பில் வரைந்து, உறையில் போட்டுக் காசுப்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் குத்திவிடுங்கள்.